புது லேப்டாப் வாங்குவதற்கு முன், பெரிய பிளானுக்கு மாறுவதற்கு முன்

கம்ப்யூட்டர் இழுக்கிறது என்று புது லேப்டாப் வாங்குகிறவர்களையும், நெட் வரவில்லை என்று இரண்டு மடங்கு காசுக்குப் பெரிய பிளான் போடுகிறவர்களையும் எங்கள் தெருவிலேயே நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது தேவையே இல்லாத செலவு. எந்த இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் போதும், பாதிக்கு மேல் பிரச்சினை சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு, மெய்ப்புப் பார்ப்பது என்று வேலை செய்கிறவள். எனக்கு நெட்டும் கணினியும் நின்றால் வேலை நின்றது என்று அர்த்தம், அதனால் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் நெட். எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான். கூடத்தில் வேகம் நன்றாகவே காட்டும், நான் வேலை பார்க்கும் பின்கட்டு அறைக்கு வந்தால் ஐந்தாறுக்குக் கீழே விழும், வீடியோ காலில் முகம் உறைந்து நிற்கும். கம்பெனியைக் கூப்பிட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம், 300 பிளானுக்கு மாறிப் பாருங்க" என்று சொன்னார்கள். மாறுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். நெட் வரும் பெட்டியிலிருந்து (ரவுட்டரைத்தான் பெட்டி என்கிறேன்) லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகி வேகத்தைப் பார்த்தேன். 94 வந்தது. வருகிற லைனில் கோளாறு இல்லை, பெட்டிக்கும் என் அறைக்கும் நடுவில்தான் எல்லாம் காணாமல் போகிறது என்று அந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டது. யார் வீட்டில் நெட் பிரச்சினை என்றாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். கேபிளில் வேகம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் பிளானை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

வேகக் கணக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே 100 பிளானில் நொடிக்கு 12 எம்பி காட்டினால் முழு வேகமும் வருகிறது என்றுதான் பொருள். இது தெரியாமல் பத்தில் ஒரு பங்குதான் தருகிறான் என்று கோபத்தோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சரி, வைஃபை. எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு, சுண்ணாம்புக் காரை போட்ட தடிச் சுவர்கள். பெட்டியைப் பொருத்தியவர் லைன் உள்ளே வரும் இடத்திலேயே, அதாவது ரேழியை ஒட்டி, டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் இரும்பு பீரோ, அதில் ஆளுயரக் கண்ணாடி. வைஃபை அலைக்கு இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் பெரிய எதிரிகள், அவற்றைத் தாண்டிப் போகாமல் திருப்பி அடித்துவிடும். இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5-இல் வேகம் அதிகம், ஆனால் தடிச் சுவர் இரண்டைத் தாண்டினால் செத்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் கூட்டம் போடும். ஃபோனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுப் பார்த்தபோது, தெருவில் பாதி வீடுகள் ஆறாவது சேனலில் குவிந்து கிடந்தன. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். உலாவியில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போய் 11-க்கு மாற்றினேன் (சில பெட்டிகளில் முகவரி வேறாக இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சடித்திருப்பார்கள்). பெட்டியை பீரோவின் பக்கத்திலிருந்து எடுத்து முற்றத்தைப் பார்த்த மாதிரி ஆளுயரத்துக்கு மேல் மாட்டினேன். முற்றம் திறந்த வெளி, அலை அந்த வழியாகத் தாராளமாகப் பின்கட்டுக்கு வந்தது. 6 வந்த இடத்தில் 30 வந்தது.

முப்பதே போதும்தான், ஆனாலும் வீடியோ கால் நடுவே அறுபடக்கூடாது என்று கேபிளும் இழுத்தேன். பரணில் பழைய கம்பெனி விட்டுப்போன ரவுட்டர் ஒன்று கிடந்தது. அதை எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. செய்முறை இதுதான்: பழைய ரவுட்டருக்குள் போய் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள், புதுப் பெட்டியில் இருக்கும் அதே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இதிலும் கொடுங்கள். பிறகு புதுப் பெட்டியிலிருந்து வரும் லேன் கேபிளை இதன் லேன் துளையில் சொருகுங்கள், நிறம் மாறித் தனியாக இருக்கும் வான் (WAN) துளையில் சொருகக் கூடாது. அவ்வளவுதான், பின்கட்டுக்கென்று தனி வைஃபை தயார். வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசினாலும் ஃபோன் தானே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும், மாறும்போது மட்டும் சில நேரம் ஒரு நொடி தயங்கும்.

லைனே போய்விடும் நாள்களும் உண்டு. பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம், அப்போது பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, புகார்தான் கொடுக்க வேண்டும். பான் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து நின்று, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை என்றால் அது வேறு, லைன் இருக்கிறது, கணக்கிலோ அவர்கள் பக்கத்திலோ சிக்கல். புகார் கொடுக்கும்போது "நெட் வரல" என்பதை விட "எல்ஓஎஸ் சிவப்பு எரியுது" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வியே இல்லாமல் ஆளை அனுப்புவார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவான ஒரு கோளாறு வந்தது. சில நேரம் வரும், சில நேரம் போகும், கதவைச் சாத்தினால் போகும் மாதிரிகூட இருந்தது. வந்த லைன்மேன் தம்பி நல்ல பையன். ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை ஃபைபரில் சொருகிக் காட்டினான். "அக்கா, மைனஸ் 29 காட்டுது பாருங்க. 27-ஐத் தாண்டினா இப்படித்தான் விட்டு விட்டு வரும்" என்றான். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, உள்ளே ஓடுவது ஒளி, சுண்டுவிரலில் சுற்றுகிற அளவுக்கு மடித்தால் ஒளி வளைவிலேயே வெளியேறிவிடும். எங்கள் நிலைக்கதவின் கீலுக்குப் பக்கத்தில் ஆணிக் கிளிப் அடித்து வயரை நெருக்கி மடக்கியிருந்தார்கள், கதவைச் சாத்தும்போதெல்லாம் அது இன்னும் நெரிந்தது. கிளிப்பைப் பிடுங்கிவிட்டுப் பெரிய வளைவாக விட்டான், மைனஸ் 21 வந்தது. அந்த எண் இப்போது எனக்குப் பாடம். பல பெட்டிகளில் உள்ளே போனால் ஆர்எக்ஸ் பவர் என்று இந்த அளவை நாமே பார்த்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கும்போது அது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதே தாளில் வாடிக்கையாளர் எண், புகார் எண். நெட் போன பிறகு இவற்றை நெட்டில் தேட முடியாது அல்லவா.

மின்வெட்டுக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கியது எனக்குப் பெரிய நிம்மதி. தெருவில் ஓடும் ஃபைபருக்கும் நடுவில் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டருக்கும் கரண்ட் தேவையில்லை. ஆகவே நம் வீட்டுப் பெட்டிக்கும் கம்பெனி அறையில் இருக்கும் கருவிக்கும் கரண்ட் இருந்தால், தெருவே இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். வாங்குமுன் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் என்றால் யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்தான் தர வேண்டும், ஆம்பியர் அதில் போட்டிருப்பதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் கூடினால் பெட்டி புகைந்துவிடலாம்.

இனி லேப்டாப். என் அக்கா மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, படிப்பு முடிந்து அவள் வேலைக்குப் போன பிறகு பரணில் தூங்கியது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கிடைத்தது, இன்று எத்தனை வீட்டில் அது அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறதோ. என் கணினி பழுதானபோது இதை இறக்கிப் போட்டால், திறந்து டெஸ்க்டாப் வருவதற்குள் காப்பி போட்டுக் குடித்துவிட்டே வரலாம். கடையில் "இது அவ்வளவுதான், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார்கள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசர் பத்து இருபது சதவீதத்தில் சும்மா இருந்தது, டிஸ்க் மட்டும் நூறு சதவீதம், இறங்கவே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், அதன் மேல் முள் நகர்ந்து இடத்தைத் தேட வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் நகர்கிற பாகமே கிடையாது. அந்தக் காலத்துக் கணினியில் வேறு எதை மாற்றினாலும் வராத வித்தியாசம் இந்த ஒன்றை மாற்றினால் வரும். 256 ஜிபி, இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கினேன். பின்மூடியைத் திறந்தால் நாலு ஸ்குரூதான், பழையதை உருவிப் புதியதைச் சொருகுவது பத்து நிமிட வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம். பேட்டரி உப்பியிருந்தால் திரும்ப மாட்டவே மாட்டாதீர்கள், அடாப்டரிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

ரேம் 2 ஜிபிதான் இருந்தது, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி. தம்பி சென்னை போனபோது ரிச்சி தெருவில் பழைய ரேம் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். அதில் கவனம் வேண்டும்: டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். எல் போட்டது பெரும்பாலும் இரண்டு வகைக் கணினியிலும் ஓடும், எல் மட்டுமே கேட்கும் கணினியில் எல் இல்லாததைப் போட்டால் திரையே வராது. பழைய ரேமைக் கழற்றி அதன் மேல் ஒட்டிய சீட்டைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுவதுதான் சுருக்கமான வழி.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசசரை ஏற்காது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டேன். லினக்ஸ் எனக்குப் புதிதில்லை. 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த காலத்தில் 256 கேபிபிஎஸ் வேகம், இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை டவுன்லோடு கணக்கில் வராத பிளான் ஒன்று இருந்தது. அந்த வேகத்தில் நொடிக்கு 32 கேபி, ஆறு மணி நேரம் முழுக்க ஓடினால் ஒரு லினக்ஸ் சிடி அளவுக்கு இறங்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்து, விடிந்ததும் முழுசாக இறங்கிவிட்டதா என்று ஓடிப் போய்ப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸைத் தருகிறவர்கள் அப்போது கேட்டவர்களுக்குச் சிடியைத் தபாலிலேயே இலவசமாக அனுப்பினார்கள், வெளிநாட்டு முத்திரையோடு வந்த அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பென்டிரைவில் ஏற்றியதும் உடனே இன்ஸ்டால் கொடுக்காமல், அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது, அதில் வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். சில பழைய லேப்டாப்பில் வைஃபை டிரைவர் உடனே வராது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ஃபோனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள், அதாவது ஃபோனின் நெட்டைக் கணினிக்குக் கொடுங்கள், லினக்ஸ் அதை எந்த டிரைவரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும், அந்த நெட்டில் வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். என் லேப்டாப் இப்படித்தான் எழுந்தது. பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயார். உலாவியில் இருபது பக்கம் திறந்து வைத்தால் இன்றும் திணறும், அது உண்மை. எட்டுப் பத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு குறையும் இல்லை.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எறியாதீர்கள். ஒரு யுஎஸ்பி கேஸிங்கில் போட்டால் அது வெளியே வைத்துக்கொள்ளும் டிரைவ் ஆகிவிடும். அக்கா மகளின் பள்ளிக்கூடப் படங்கள் முழுக்க அதில் இருந்தன. பிரதி எடுத்து அனுப்பியதும் ஆபீசிலிருந்தே ஃபோன் பண்ணி, "சித்தி, இதெல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

லினக்ஸில் தமிழ் அடிப்பதற்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு எம்17என் என்ற தொகுப்பு, இரண்டையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது, உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அம்மாவை அடித்துத் தமிழாக்கும் முறையில் பழகியவர்கள் ஒரு வாரம் பொறுத்து இதற்கு மாறிப் பாருங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன். வேர்டு மாதிரியான லிப்ரே ஆபிசில் எழுத்தளவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் அடம்பிடித்தால், அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதைத் தேர்வு செய்யுங்கள், தமிழுக்கென்று தனி எழுத்துரு, தனி அளவு காட்டும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த வேலைக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஊர்க் கோயில்களின் தலபுராணக் குறிப்புகளைப் பல வருடமாகச் சேர்த்து, தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடித்து வைத்திருந்தார். எல்லாம் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே போர்த்தியிருக்கும் வடிவம்தான் தமிழ். "எல்லாம் கெட்டுப் போச்சும்மா" என்று பென்டிரைவைக் கையில் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதுவும் கெடவில்லை ஐயா என்று ஒரு பக்கத்தை, பழைய எழுத்துருவை எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடாக ஆக்கித் தரும் மாற்றியில் போட்டு அங்கேயே காட்டினேன்.

மாற்றியில் போட்டதோடு வேலை முடியாது. நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிக் குளறும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதை விட நுட்பமான ஒன்று உண்டு. பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள் ரகர மெய்க்குத் துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருப்பார்கள். தாளில் அச்சானால் வித்தியாசமே தெரியாது, ஆனால் கணினிக்கு அது வேறு எழுத்து, அவர் என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து வரும் இடம் எல்லாவற்றையும் ர் என்று ஒரே மூச்சில் மாற்றிவிடலாம், தமிழில் அந்தச் சேர்க்கை வேறு எங்கும் வராது என்பதால் பயமில்லை. ஔகாரத்தையும் பாருங்கள், ஒ-வும் ள-வும் தனித்தனியாக இருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடியபோது அந்தந்தக் குறிப்பு வரிசையாக வந்து நின்றது, ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஊராகச் சொல்லித் தேடச் சொன்னார்.

இன்னும் ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி இருக்கிறது அவரிடம். யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று கிடைத்தது, சில படிக்கின்றன, சில படிக்கவில்லை. படித்த சிலவற்றில் பாமினியும் இல்லை, வேறு ஏதோ எழுத்துரு, எது என்று கண்டுபிடித்தால்தான் மாற்றி கிடைக்கும். உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், அவை திறக்கும் கணினி உயிரோடு இருக்கும்போதே கோப்புகளோடு அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள், விண்டோஸ் என்றால் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருக்கும், டிடிஎஃப் என்று முடியும். கூடவே ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை அச்செடுத்து வைத்தால் மாற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.